எல்லாம் வீடு தேடி வரும், நீங்கள் வெளியே வராதீர்கள்

2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை மலையேற்றப் பிரியர்களுக்காக 40 பாதைகளைத் திறந்துவிட்டது. எளிது, மிதம், கடினம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். முன்பதிவு செய்ய இணையதளம் உண்டு, கூடவே வர பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உண்டு. நல்ல காரியம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நாற்பத்தொன்றாவது பாதையை விட்டுவிட்டார்கள். அது கொல்லிமலையிலோ நீலகிரியிலோ இல்லை. அறுபத்தைந்தைத் தாண்டிய எவருடைய வீட்டு வாசலிலும் தொடங்கி, தெருமுனை மருந்துக் கடையில் முடிகிறது. நீளம் மிஞ்சிப்போனால் அரைக் கிலோமீட்டர். கடினத்துக்கு மேலே இன்னொரு தரம் இருந்தால் இதை அங்கேதான் சேர்க்க வேண்டும். வெள்ளியங்கிரி அடிவாரத்திலாவது, உடம்புக்கு முடியாதவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரிக்கிறது. எங்கள் தெருமுனையில் அந்த மரியாதைகூடக் கிடையாது.

இந்தச் சாகசத்துக்கு எங்களை அனுப்பிவைப்பவர் டாக்டர். சர்க்கரைக்குப் போனாலும் ரத்தக் கொதிப்புக்குப் போனாலும் முழங்கால் தேய்மானத்துக்குப் போனாலும் மாத்திரைச் சீட்டின் அடியில் ஒரே வரி. "தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போங்க சார்." எங்கே போவது என்று கேட்டால் டாக்டர் ஒரு விநாடி யோசிக்கிறார். அவரும் அதே ஊரில்தான் இருக்கிறார். "மொட்டை மாடியில எட்டு போட்டு நடங்க" என்கிறார். லைசென்ஸ் வாங்க எட்டு போடுகிற பையன் அதை முடித்தவுடன் ரோட்டுக்கு வந்துவிடுவான். நாங்கள் மட்டும் ஆயுள் முழுக்க எட்டு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், லைசென்ஸ் எப்போது கிடைக்கும் என்று தெரியாமல்.

சரி, மாடி வேண்டாம், தெருவில் இறங்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். நடைபாதைக்கு இந்த நாட்டில் விதி இல்லாமல் இல்லை. குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், சாலையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று இந்திய சாலைக் காங்கிரஸ் எழுதிவைத்திருக்கிறது. நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் முன்னுரிமை என்று சென்னை மாநகராட்சி 2014-இலேயே கொள்கை வகுத்தது. நாட்டிலேயே நாங்கள்தான் முதல் என்று மார்தட்டவும் செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையோடு சேர்ந்தது என்று சொல்லிவிட்டது. விதி, கொள்கை, தீர்ப்பு மூன்றும் தயார். கால் வைக்க இடம்தான் பாக்கி.

எங்கள் பக்கத்து நடைபாதைகள் முழங்கால் உயரத்துக்குத் தொடங்குகின்றன. நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு வீட்டு கேட். கார் ஏறி இறங்க வேண்டும் என்பதற்காக அங்கே நடைபாதையை வெட்டிச் சரித்திருப்பார்கள். இறங்கி, மறுபடி ஏற வேண்டும். இருபது வீடு இருந்தால் இருபது ஏற்றம், இருபது இறக்கம். முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்தவரைக் கேட்டுப் பாருங்கள், ஏறுவதைவிட இறங்குவதுதான் உயிரை வாங்குகிறது என்பார். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர். அதை அடுத்து, கதவு கழன்று வயர் வெளியே தொங்கும் மின்வாரியப் பெட்டி. அடுத்து டிஃபன் கடையின் அடுப்பும் சிலிண்டரும். அடுத்து வரிசையாக பைக். அதற்கும் அப்பால், சாரக்கட்டையை நடைபாதையில் ஊன்றி, கூப்பிய கையோடு சிரிக்கும் ஒரு தலைவரின் பிறந்தநாள் பேனர். இவ்வளவையும் தாண்டி யாராவது பிழைத்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, கடைசியாக வழவழப்பான டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். ஒரு தூறல் போட்டால் போதும். வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தின் பக்கத்தில் 'சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்று ஒரு தகரப் பலகை. வேலை நடக்கிறதோ இல்லையோ, வருத்தம் தடையில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே பெரியவர் ரோட்டில் இறங்குகிறார். எதிர்த் திசையில் வரக் கூடாத ஒரு பைக், அவர் முழங்கையை உரசிக்கொண்டு போகிறது. ஓட்டி வந்த பிள்ளை திரும்பிப் பார்த்துக் கேட்கிறான்: "யோவ் பெருசு, வூட்ல சொல்ட்டு வந்துட்டியா?" சென்னையில் முதியோருக்கென்று ஒழுங்காக வந்து சேரும் ஒரே போக்குவரத்து அறிவிப்பு இதுதான்.

விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'கிழவர் கால் தடுக்கி விழுந்தார்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. இருபது வயதில் விழுந்தால் சிராய்ப்பு. எழுபதில், எலும்பின் சுண்ணாம்பெல்லாம் கரைந்தபின் விழுந்தால், தொடை எலும்பின் கழுத்து முறிகிறது. ஆபரேஷன், பிளேட்டு, படுக்கை, படுக்கைப் புண், நெஞ்சில் சளி. இடுப்புப் பக்கம் முறிந்த முதியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் அடுத்த ஓராண்டைத் தாண்டுவதில்லை என்று எலும்பு மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்றோ மாரடைப்பு என்றோ இருக்கும். உடைந்த வடிகால் மூடியைப் போட்ட காண்ட்ராக்டர் பெயரும் பில்லில் கையெழுத்துப் போட்ட பொறியாளர் பெயரும் எந்தச் சான்றிதழிலும் வராது.

விழாமல் நடக்கத் தெரிந்தவருக்கு அடுத்த சோதனை மூத்திரம். கூச்சப்பட்டுப் பிரயோஜனமில்லை, இதைப் பேசித்தான் ஆக வேண்டும். ரத்தக் கொதிப்புக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் நீர் மாத்திரையைக் காலையில் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அது தன் வேலையைக் காட்டும். ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், பெண்களுக்கு மூன்று நான்கு பிரசவம் பார்த்த அடிவயிறு. சர்க்கரை வந்தவர்களுக்கு இரண்டுக்கும் மேலே இன்னொரு பங்கு. பொதுக் கழிப்பறை பூட்டியிருக்கும், அல்லது பூட்டியிருந்தாலே தேவலை என்று இருக்கும். அதனால் எங்கள் வயதுக்காரர்கள் ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருக்கிறார்கள். வெளியே போகிற நாளில் மாத்திரை போடுவதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை. கல்யாணம், காரியம், பேங்க் என்று கிளம்பும் எந்தப் பாட்டியையும் கேளுங்கள். மே மாத வெயிலில் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் மயக்கம், மறுநாள் நீர்க்கடுப்பு, அதற்கடுத்த நாள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரி. "தண்ணி நிறைய குடிக்கணும் பாட்டி" என்று அங்கே ஒரு சின்னப் பெண் டாக்டர் அன்பாகக் கடிந்துகொள்வார். பாட்டி தலையாட்டுவார். எங்கே போய்ப் பெய்வது என்று அந்தப் பிள்ளையிடம் கேட்க அவருக்கு மனசு வராது.

பஸ்ஸுக்கு வருவோம். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குப் பயணம் இலவசம். சென்னையில் அறுபது தாண்டிய ஆண் பெண் இருவருக்கும் மாதம் பத்து டோக்கன். ஒரு மனிதர் மாதத்தில் ஐந்து முறை போய் ஐந்து முறை திரும்பலாம் என்று கணக்கு, ஆறாவது முறை எங்காவது போக வேண்டுமென்றால் அவர் காசு. இருக்கட்டும், கொடுத்த வரைக்கும் சந்தோஷம். ஆனால் பஸ் எங்கே? நிறுத்தத்துக்கு இருபதடி முன்னாலோ இருபதடி தள்ளியோ, நடு ரோட்டில் நிற்கிறது. தளம் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரம். தாழ்தளப் பஸ் வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடியதால் 2024 ஆகஸ்டில் சில பஸ்கள் வந்தன. அவர்கள் போட்ட வழக்கில் நாங்களும் கொஞ்சம் ஏறிக்கொண்டோம், அவர்களுக்கு நன்றி. மற்ற பஸ்களில் கம்பியைப் பிடித்து, ஒரு காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அடுத்த காலைத் தூக்குவதற்குள் விசில் கேட்டுவிடும். பயணம் இலவசம். ஏறுவதற்குத்தான் உயிரைக் கட்டணமாகக் கேட்கிறார்கள்.

ரயில் இன்னும் சுவாரசியமானது. 2020 மார்ச் 20 வரை அறுபது வயது ஆணுக்கு 40 சதவீதமும், 58 வயதுப் பெண்ணுக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. கொரோனா காலத்தில் வயசானவர்கள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருக்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு அதை நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, நல்லெண்ணம் போகவில்லை. முதல் ஐந்து ஆண்டுகளில் மட்டும் இந்தச் சலுகையைப் பிடித்துவைத்ததால் ரயில்வேக்குச் சுமார் 8,900 கோடி ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவருக்குப் பதில் வந்தது. எப்போது திருப்பித் தருவீர்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டால், எல்லாப் பயணிகளுக்குமே சராசரியாக 46 சதவீதம் சலுகை தந்துகொண்டுதான் இருக்கிறோம் என்கிறார் அமைச்சர். ஊருக்கெல்லாம் போட்ட சாப்பாட்டில்தான் உங்கள் பாயசமும் இருந்தது, தேடிப் பாருங்கள் என்கிறார். முழுக் கட்டணம் கொடுத்து டிக்கெட் எடுத்தால் மூட்டு மாற்று சிகிச்சை செய்துகொண்ட அம்மாவுக்கு மேல் படுக்கை வருகிறது. கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறதாம். கிடைத்தவர்கள் சொல்கிறார்கள், நான் மறுக்கவில்லை. கிடைக்காதவர், காதில் மாட்டியிருக்கும் ஒயரைக் கழற்றாத ஓர் இளைஞனிடம் கெஞ்ச வேண்டும். அவன் நல்லவனாக இருந்தால் கீழே இறங்குவான். இல்லையென்றால் எழுபத்திரண்டு வயதில் இரும்பு ஏணியில் கால் வைத்து அவர் தன் மலையேற்றத்தைத் தொடங்கலாம்.

இத்தனையும் தாண்டி ஒரு வருஷத்தைப் பிழைத்துக் கடந்துவிட்டால், நீங்கள் பிழைத்திருக்கிறீர்கள் என்பதை நிரூபிக்க வேண்டும். அதற்கு மத்திய அரசு தன் ஓய்வூதியர்களுக்காகப் பன்னிரண்டு மாதங்களில் பொறுக்கி எடுத்தது நவம்பர் மாதத்தை. டெல்லியில் நவம்பர் இதமான மாதம், சால்வை போர்த்திக்கொண்டு வெயிலில் நடந்துபோய்க் கையெழுத்துப் போடலாம். சென்னையில் ஆண்டிலேயே அதிக மழை பெய்வது நவம்பரில். முழங்கால் தண்ணீரில், எங்கே குழி எங்கே ரோடு என்று தெரியாமல், உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொல்லப் போகிறவர் அந்த வழியில் அதைப் பொய்யாக்கிவிடக் கூடாது. போய்ச் சேர்ந்தால் இயந்திரம் "ரேகை விழலை" என்கிறது. ஐம்பது வருஷம் பாத்திரம் தேய்த்த, கரண்டி பிடித்த, ஃபைல் புரட்டிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? அது தேய்ந்ததற்குத்தானே ஓய்வூதியம்? இப்போது முகத்தைக் காட்டினால் போதும், வீட்டிலிருந்தே செய்யலாம் என்கிறார்கள். சரி, செய்கிறோம். ஒரு வாரம் பேரன் லீவு போட்டால் முடிந்துவிடும்.

ஓய்வூதியம் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். வறுமையில் இருக்கும் முதியவருக்கு மத்திய அரசு தரும் பங்கு, அறுபதிலிருந்து 79 வயது வரை, மாதம் 200 ரூபாய். 2007-இல் திட்டத்துக்கு இந்திரா காந்தியின் பெயரைச் சூட்டியபோதும் 200. விலைவாசியெல்லாம் மலையேறிப் போனபிறகும் அதே 200. மூட்டு தேய்ந்தவர்கள் நாங்கள், அசையாமல் நிற்பது என்னவோ அந்தத் தொகை. மாநில அரசு தன் பங்கைச் சேர்த்து 2023-இல் மொத்தத்தை 1,200 ஆக்கியது. தொழிலாளர் வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சம் 2014-இல் வைத்த ஆயிரம் ரூபாய். ஆயிரம் ரூபாயில் ஒருவர் எப்படி வாழ முடியும் என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் உயிர்ச் சான்றிதழ் மட்டும் கேட்கிறார்கள். எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறாய் என்ற ஆச்சரியமாகத்தான் இருக்க வேண்டும்.

முதுமையைப் பற்றி ஒன்றும் தெரியாத மாநிலம் இல்லை இது. நாட்டிலேயே முதன்முறையாக முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பைத் தொடங்கியது சென்னை மருத்துவக் கல்லூரி, 1996-இல். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது தாண்டியவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்தை விட்டால் நாம்தான் மூத்தவர்கள். ஆக, எங்களுக்கு என்ன ஆகும், எப்போது ஆகும், எத்தனை பேருக்கு ஆகும் என்று எல்லாம் தெரியும். தெரிந்தே செய்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

என்ன செய்கிறார்கள்? வீடு தேடி வருகிறார்கள். 2021-இல் மருத்துவம் வீடு தேடி வந்தது. சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரை வாசலுக்கே வருகிறது. 2025-இல் ரேஷன் அரிசி வீடு தேடி வந்தது, எழுபது தாண்டியவர்களுக்கு. உயிர்ச் சான்றிதழ் கைபேசிக்குள் வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடலாம். நகர முடியாதவர்களுக்கு இவையெல்லாம் உயிர்நாடி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துவைத்துப் பாருங்கள். மாத்திரை உள்ளே வரும், அரிசி உள்ளே வரும், சான்றிதழ் உள்ளிருந்தே போகும். நீங்கள் மட்டும் வெளியே வராதீர்கள். இதற்குப் பழைய அரசாங்கங்கள் வீட்டுக்காவல் என்று பெயர் வைத்திருந்தன. இப்போது நலத்திட்டம்.

கணக்குப் போட்டால் இதுவே மலிவு. ஊர் முழுக்க நடைபாதையை இறக்கிக் கட்ட வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரை நகர்த்த வேண்டாம், பேனர்காரரிடம் பகைத்துக்கொள்ள வேண்டாம், கழிப்பறைக்கு ஆள் போட வேண்டாம். ஒரு பையில் அரிசியும் ஒரு அட்டையில் மாத்திரையும் கொடுத்தனுப்பினால் போதும். பையில் படமும் போட்டுக்கொள்ளலாம். நடைபாதையில் எவன் படத்தைப் பார்ப்பான்?

இந்தக் காவலுக்குச் சம்பளமில்லாத காவலர்கள் எங்கள் பிள்ளைகள். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம், ஆர்டர் போட்டா பத்து நிமிஷத்துல வீட்டுக்கே வந்துடும்." பாசத்தோடுதான் சொல்கிறார்கள். அந்தப் பாசத்தில் மாநகராட்சிக்கு எவ்வளவு மிச்சம் என்று அவர்களுக்குத் தெரியாது. கத்திரிக்காய் வாங்கவா கடைக்குப் போகிறோம்? சொத்தைக் கத்திரிக்காயைத் தள்ளிவிட்டதற்கு அந்தக் கடைக்காரம்மாவிடம் சண்டை போடப் போகிறோம். டீக்கடை பெஞ்சில் பேப்பரைப் பங்கு போட்டுப் படித்து, பக்கத்து ஆளின் கட்சியை நார் நாராகக் கிழிக்கப் போகிறோம். நம்மைவிட இரண்டு வயது இளையவன் போய்ச் சேர்ந்த செய்தியைக் கேட்டு, மேலுக்கு உச்சுக்கொட்டி, உள்ளுக்குள் கொஞ்சம் தெம்பாகித் திரும்பி வருகிறோம். பத்து நிமிஷத்தில் இதையெல்லாம் டெலிவரி செய்யும் கம்பெனி இன்னும் வரவில்லை. வெளியே போகாத கிழவனுக்கு முதலில் தசை வற்றும், பிறகு பசி வற்றும், கடைசியில் பேச்சு வற்றும். அப்போது மனச்சோர்வு என்று ஒரு மாத்திரை சேர்ப்பார்கள். அதுவும் வீடு தேடி வரும்.

2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பெற்றவர்களைக் கைவிடுகிற பிள்ளையைக் கூண்டில் ஏற்றலாம், சிறையில்கூட வைக்கலாம். சரியான சட்டம். ஊரே கைவிட்டால் யாரைக் கூண்டில் ஏற்றுவது என்று மட்டும் அதில் எழுதவில்லை.

இவர்களால் முடியாது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். தேர்தல் வந்தால் எல்லாம் முடிகிறது. வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ராத்திரியோடு ராத்திரியாகச் சாய்தளம் முளைக்கிறது. சக்கர நாற்காலி வருகிறது. தண்ணீர்ப் பானை, பந்தல், "அய்யா பார்த்து வாங்க" என்று கையைப் பிடிக்க ஒரு தன்னார்வலர். எண்பத்தைந்து ஆகிவிட்டால் இன்னும் விசேஷம். அதிகாரிகள், போலீஸ்காரர், வீடியோ எடுப்பவர் என்று ஒரு பட்டாளமே ஓட்டுச் சீட்டோடு வாசலுக்கு வருகிறது. ஒரு கிழவரின் விரல் எந்தத் தெருவில் எந்த மாடியில் இருக்கிறது என்று அரசாங்கத்துக்கு அத்தனை துல்லியமாகத் தெரிகிறது. அதே கிழவரின் கால் எங்கே வைக்கப்படும் என்பதைத்தான் அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

படுத்துக் கிடப்பவருக்கு வீடு தேடி வந்து கொடுங்கள். நடந்துகொண்டிருப்பவரைப் படுக்க வைத்துவிட்டு, பிறகு வீடு தேடி வந்து கொடுக்காதீர்கள். சாகசம் வேண்டுமென்று நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. உங்கள் புத்தகத்திலேயே எழுதியிருக்கிற பதினைந்து சென்டிமீட்டரைக் கேட்கிறோம். திறந்திருக்கும் ஒரு கழிப்பறையும், இரண்டு காலும் உள்ளே வந்தபிறகு ஊதப்படும் ஒரு விசிலும் கேட்கிறோம். எங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட 8,900 கோடியில் இதெல்லாம் கட்டுப்படியாகாது என்றால் சொல்லுங்கள், மாதம் 200 ரூபாயையும் திருப்பித் தந்துவிடுகிறோம்.

எனக்கு எண்பத்தைந்து ஆக இன்னும் காலம் இருக்கிறது. ஆனாலும் இப்போதே சொல்லிவைக்கிறேன். அன்றைக்கும் ஓட்டுச் சீட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வராதீர்கள். நானே வருகிறேன், இந்தத் தெரு வழியாகவே நடந்து வருகிறேன். விழுந்தால் யார் பெயரைச் சொல்லி விழுவது என்று முடிவு செய்துவிட்டேன். விழாமல் வந்து சேர்ந்தால் யாருக்குப் போடக் கூடாது என்பதையும்.